வலிப்பு வந்தப்போ எலி மூளையில பாஸ்பேட் ஏன் கழண்டுச்சு

ப்ளஸ் டூ பயாலஜி புக்குல நியூரான் படம் பாத்திருப்பீங்க. நீளமா ஒரு வாலு, அதைச் சுத்தி ஒரு சவ்வு, சவ்வுல ரெண்டு ஓட்டை, ஒண்ணு வழியா சோடியம் உள்ள வரும், இன்னொண்ணு வழியா பொட்டாசியம் வெளிய போகும், அவ்ளோதான். பரீட்சைக்கு இது போதும். ஆனா அந்தப் படத்தை மட்டும் நம்பிக்கிட்டு இருந்தா மூளையைப் பத்தி ஒரு முக்கியமான விஷயம் பிடிபடவே படாது, என்னன்னா அந்த ஓட்டை இன்னிக்கு இருக்கிற மாதிரி நாளைக்கு இருக்காது, நாளைக்கு என்ன நாளைக்கு, இன்னும் பத்து நிமிஷம் கழிச்சே வேற மாதிரி இருக்கும். ஓட்டை அதே ஓட்டைதான். ஜீன் மாறல, புதுசா புரோட்டீன் எதுவும் செய்யல. ஆனா அது எந்த வோல்டேஜ்ல திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும், செல்லோட எந்த மூலையில போய் உக்காரும்ங்கிறதெல்லாம் மாறிப்போயிருக்கும். மாத்தினது அதுமேல ஒட்டின, இல்ல அதுல இருந்து கழண்ட, சின்னச் சின்ன கெமிக்கல் துண்டுங்க.

அந்த ஓட்டைக்குப் பேரு அயனி சேனல். சும்மா ஓட்டை இல்ல, சவ்வைக் குறுக்கால துளைச்சுக்கிட்டு நிக்கிற ஒரு பெரிய புரோட்டீன், திறந்துச்சுன்னா செகண்டுக்கு கோடிக்கணக்குல அயனிங்களை விடும். இதோட கணக்கை முதல்ல போட்டவங்க ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லினு ரெண்டு இங்கிலாந்துக்காரங்க, 1952ல, கணவாயோட தடிச்ச நரம்பை வச்சு. ஒத்த சேனல் வழியா போற கரண்ட்டை நேரா அளந்து காட்டினது 1976ல ஜெர்மனியில நேயரும் சாக்மனும். இந்த ரெண்டு வேலைக்குமே நோபல் கிடைச்சுது. ஆனா ரெண்டுலயும் சேனல்னா வோல்டேஜ் ஏறினா, இல்ல வெளியில இருந்து ஏதாவது கெமிக்கல் வந்து உக்காந்தா, திறக்கிற ஒரு கதவு. அந்தக் கதவோட குணமே மாறும்ங்கிறது இன்னொரு பக்கத்துல இருந்து, சம்பந்தமே இல்லாத ஒரு இடத்துல இருந்து வந்துச்சு.

அது என்ன இடம்னு சொல்றதுக்கு முன்னாடி மிருதங்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை. கச்சேரிக்கு முன்னாடி வித்வான் இடது பக்கம், அதாவது தொப்பியில, ரவையைத் தண்ணி விட்டுக் குழைச்சு நடுவுல அப்புவாரு பாத்திருக்கீங்களா? அந்த ஒரு உருண்டை ரவை ஏறினதும் சத்தம் கீழ இறங்கி கனமா கேக்கும். கச்சேரி முடிஞ்சா சுரண்டி எடுத்துடுவாரு. தோல் மாறல, வார் மாறல, கட்டை மாறல. ஒட்டினா ஒரு சத்தம், எடுத்தா இன்னொரு சத்தம், மறுநாள் திரும்ப ஒட்டிக்கலாம். அதே ரவையைக் கொண்டுபோய் வலது பக்கம் அப்பினீங்கன்னா வாத்தியம் கெட்டுது. எதை ஒட்டுறோம்ங்கிறதைவிட எங்க ஒட்டுறோம்ங்கிறதுதான் முக்கியம். கட்டுரை முழுக்க இதைத்தான் சொல்லப் போறேன், அதனால ரவையை ஞாபகம் வச்சுக்கோங்க.

நம்ம கதையில ரவைங்கிறது பாஸ்பேட். ஒரு பாஸ்பரஸ், அதைச் சுத்தி ஆக்சிஜன், புரோட்டீன்ல ஒட்டினா ரெண்டு நெகட்டிவ் சார்ஜ் கூடும், எடை 80 டால்டன்தான் ஏறும் (ஒரு டால்டன்னா கிட்டத்தட்ட ஒரு ஹைட்ரஜன் அணுவோட எடை). ஒரு சேனல் புரோட்டீன் லட்சம் டால்டன் கிட்ட இருக்கும், அதுல 80ங்கிறது ஒண்ணுமே இல்ல. ஆனா சார்ஜ் வந்து உக்காந்த இடத்துல பக்கத்துல இருக்கிற பாகம் விலகும், இல்ல வந்து ஒட்டும், புரோட்டீனோட வடிவமே லேசா நெளியும். பாஸ்பேட்டை ஒட்டுற என்சைம் கைனேஸ், செல்லுக்கு சக்தி குடுக்கிற ஏடிபிங்கிற மூலக்கூறோட வால்ல இருந்து ஒண்ணைக் கிள்ளி எடுத்து புரோட்டீன்ல இருக்கிற செரின், த்ரியோனின், டைரோசின்னு மூணு அமினோ அமிலத்துல ஏதாவது ஒண்ணு மேல வைக்கும். கழட்டுற என்சைம் பாஸ்படேஸ். மனுஷ ஜீனோமை எண்ணிப் பாத்து 2002ல சொன்ன கணக்குப்படி நம்மகிட்ட 518 கைனேஸ் இருக்கு. பாஸ்படேஸ் அதைவிட ரொம்பக் கம்மி. ஒட்டுறதுக்குத்தான் ஆளாளுக்கு வேலை, சுரண்டுறதுக்கு நாலஞ்சு பேரே ஊரு பூரா சுத்துறாங்க.

இதைக் கண்டுபிடிச்சது மூளையில இல்ல, முயலோட சதையில. 1950கள்ல அமெரிக்காவுல சியாட்டில்ல எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் கிளைக்கோஜனை உடைக்கிற ஒரு என்சைம் எப்படி முழிச்சுக்குதுன்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க, பாத்தா ஒரு பாஸ்பேட் ஒட்டினா வேலை செய்யுது, எடுத்தா படுத்துக்குது. இதுக்கு நோபல் வந்தது 1992ல, கிட்டத்தட்ட நாப்பது வருஷம் கழிச்சு. நடுவுல 1968ல கிரெப்ஸ் குழு பிகேஏங்கிற கைனேஸைக் கண்டுபிடிச்சாங்க, சைக்ளிக் ஏஎம்பினு ஒரு சின்ன மூலக்கூறு செல்லுக்குள்ள ஏறினா இது கிளம்பும். உடனே பால் கிரீன்கார்டுனு ஒருத்தர், இது மூளையிலயும் இருக்குமே, அங்க என்ன பண்ணுதுன்னு தேடப் போனாரு. அந்தக் காலத்துல மூளைன்னா கரண்ட்டு சமாச்சாரம், சதையும் ஈரலும் செய்ற கெமிஸ்ட்ரி இங்க எதுக்குங்கிற எண்ணம்தான் நிறைய பேருக்கு, அதனால ரொம்ப நாள் அவரைப் பெருசா யாரும் கண்டுக்கல. 2000ல நோபல் கிடைச்சப்போ தன் பங்குப் பணத்தை வச்சு, தன்னைப் பெத்தப்பவே இறந்துபோன அம்மா பேர்ல, பெண் விஞ்ஞானிகளுக்குன்னு ஒரு பரிசு ஆரம்பிச்சாரு. கட்டுரைக்கு இது தேவையில்லைதான், ஆனா எனக்குப் பிடிச்ச தகவல்.

சேனலுக்கும் பாஸ்பேட்டுக்கும் முடிச்சு போட்டது ஒரு கடல் நத்தை. அப்ளிசியானு பேரு, ஓடு வெளிய தெரியாது, கொழகொழன்னு இருக்கும், மொத்தமே 20,000 நியூரான்தான், ஆனா சிலது வெறும் கண்ணுலயே தெரியுற அளவு பெருசு. எரிக் கேண்டல் இதை வச்சுத்தான் ஞாபகத்தைப் படிச்சாரு. நத்தையோட வால்ல ஒரு ஷாக் குடுத்தா அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு மெதுவா தொட்டாக்கூட சட்டுனு செவுளை உள்ள இழுத்துக்கும், பயந்துபோயிருக்கு. உள்ள என்ன நடக்குதுன்னா, ஷாக் குடுத்ததும் செரடோனின்னு ஒரு கெமிக்கல் வெளிய வருது, தொடு உணர்ச்சி நியூரான்ல சைக்ளிக் ஏஎம்பி ஏறுது, பிகேஏ கிளம்புது, ஒரு வகை பொட்டாசியம் சேனல் மூடிக்குது. பொட்டாசியம் வெளிய போறதுதான் கரண்ட்டு துடிப்பை முடிச்சு வைக்கிற வேலை, அது குறைஞ்சா ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் இழுத்துக்கிட்டே நிக்கும், அந்த இழுவையில கால்சியம் கூட உள்ள வரும், நரம்பு முனையில இருந்து கெமிக்கல் கூடக் கொட்டும், அடுத்த செல்லுக்கு சத்தம் பெருசா கேக்கும். 1980ல பிகேஏவை நேரா நியூரானுக்குள்ள ஊசி மூலமா ஏத்திப் பாத்தாங்க, ஷாக்கே இல்லாம ஷாக் குடுத்த மாதிரி ஆச்சு. 1982ல ஒத்த சேனல் அளவுலயே காட்டிட்டாங்க, சேனலுங்க ஒண்ணொண்ணா நீண்ட நேரத்துக்கு மூடிக்குது. ஒரு உயிரோட பயம், சில நிமிஷத்துக்காவது, ஒரு சேனலோட பாஸ்பேட் கணக்குல இருக்குன்னு முதல் தடவை கைல பிடிச்ச மாதிரி தெரிஞ்சது அப்போதான்.

இப்ப தலைப்புக்கு வரேன்.

நம்ம மூளையிலயும் எலி மூளையிலயும் கேவி2.1னு ஒரு பொட்டாசியம் சேனல் நிறைய இருக்கு. 850க்கும் மேல அமினோ அமிலம் நீளம் ஒரு துண்டு, அந்த மாதிரி நாலு துண்டு சேந்தா ஒரு சேனல். இதுல வேடிக்கை என்னன்னா துண்டோட கிட்டத்தட்ட பாதி, ஒரு நீள வாலு, ஓட்டைக்கு சம்பந்தமே இல்லாம செல்லுக்குள்ள தொங்கிக்கிட்டு இருக்கு. ஓட்டைக்கு இவ்வளவு பெரிய வால் எதுக்கு? ஜேம்ஸ் ட்ரிம்மர்னு ஒருத்தர் 1991ல இருந்து இந்தச் சேனலை விடாம துரத்திக்கிட்டு இருக்காரு. முதல்ல அவர் கண்ணுல பட்டது ரெண்டு விஷயம். ஒண்ணு, மத்த சேனல் மாதிரி இது சவ்வு பூரா பரவி இல்ல, செல்லோட உடம்புலயும் அதை ஒட்டின கிளையிலயும் திட்டுத் திட்டா கூட்டம் போட்டு உக்காந்திருக்கு. ரெண்டு, மூளையில இருந்து எடுத்த கேவி2.1ஐ, புரோட்டீனை எடை வாரியா பிரிக்கிற ஜெல்ல ஓட்டினா கணக்குப்படி 95,000 டால்டன் கிட்ட நிக்க வேண்டியது 1,20,000க்கும் மேல போய் நிக்குது, பாஸ்படேஸ் போட்டு ஊற வச்சா கீழ இறங்கிடுது. அப்ப மேல ஏகப்பட்ட பாஸ்பேட் ஒட்டிக்கிட்டு இருக்குன்னுதான அர்த்தம்.

2004ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல அவரோட குழு எலிங்களுக்கு கைனிக் அமிலம் குடுத்து வலிப்பு வரவச்சாங்க. (கைனிக் அமிலம் ஜப்பான்ல ஒரு கடல்பாசியில இருந்து எடுத்தது, பாசியை அங்க முன்னாடி வயித்துப் பூச்சிக்கு மருந்தா குடுத்துக்கிட்டு இருந்தாங்க, அது தனிக் கதை.) வலிப்புக்கு அப்புறம் மூளையை எடுத்துப் பாத்தா ரெண்டு மாத்தம். கேவி2.1 மேல இருந்த பாஸ்பேட்ல பெரும்பகுதி காணோம், ஜெல்ல கீழ இறங்கி நிக்குது. திட்டுத் திட்டா இருந்த கூட்டமும் கலைஞ்சு சேனலெல்லாம் சவ்வு பூரா சிதறிக் கிடக்கு. தட்டுல வளத்த நியூரான் மேல, நியூரானைத் தூண்டிவிடுற குளுட்டமேட்டை ஊத்தினாலும் இதே கதைதான், சில நிமிஷத்துலயே கூட்டம் கலையுது.

அது மட்டும் இல்ல, சேனலோட குணமும் மாறிப்போச்சு. பாஸ்பேட் நிறைய ஒட்டியிருக்கிறப்போ கேவி2.1 ஒரு சோம்பேறி. நியூரான் சும்மா இருக்கிறப்போ உள்பக்கம் மைனஸ் 70 மில்லிவோல்ட் கிட்ட இருக்கும், துடிப்பு வரப்போ சட்டுனு மேல ஏறி இறங்கும், இந்தச் சேனல் நல்லா மேல ஏறினாத்தான் திறக்க யோசிக்கும், அதுவும் மெதுவாத்தான். துடிப்பு ஒண்ணு ரெண்டு வந்தா இது முழிச்சுக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். பாஸ்பேட் கழண்டதும் திறக்கிற வோல்டேஜ் 20 மில்லிவோல்ட் அளவுக்குக் கீழ இறங்குது, அதாவது ரொம்ப முன்னாடியே, லேசா ஏறினாலே திறக்க ஆரம்பிக்குது. திறந்தா பொட்டாசியம் வெளிய போகும், செல் அடங்கும். வலிப்புல ஒரு நியூரான் படபடன்னு விடாம துடிக்கிற நேரத்துல, சோம்பேறியா இருந்தவன் எந்திரிச்சு பிரேக்கைப் பிடிக்கிறான்.

யாரு எழுப்பினது? அதே வலிப்புதான். விடாம துடிக்கிறதால குளுட்டமேட் கொட்டுது, கால்சியம் உள்ள பாயுது, கால்சியம் ஏறினா கால்சிநியூரின்னு ஒரு பாஸ்படேஸ் முழிச்சுக்கும், அது போய் கேவி2.1 வால்ல இருக்கிற பாஸ்பேட்டை சுரண்டும். நெருப்பு எரிஞ்சு வர்ற சூடே தண்ணிக் குழாயைத் திறந்து விடுற மாதிரி ஒரு ஏற்பாடு. ஆக்சிஜன் கம்மியானாலும் நியூரான்ல இதே மாதிரி நடக்குது. ஆபத்து தாண்டினதும் கைனேஸுங்க திரும்ப வந்து பாஸ்பேட்டை ஒட்டி, கூட்டத்தைக் கூட்டி, சேனலைப் பழைய சோம்பேறி ஆக்கிடும். பிரேக் போதுமானதா இருந்தா வலிப்பே நீடிக்காதேனு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்விதான். இது வலிப்பை நிறுத்துற ஸ்விட்ச் இல்ல, செல் தன்னைத் தானே கொஞ்சம் காப்பாத்திக்கிற வழிகள்ல ஒண்ணு. ஆனா சின்ன வழியும் இல்ல, இந்த ஜீனையே எடுத்துட்ட சுண்டெலிங்க ஒரு இடத்துல நிக்காம துறுதுறுன்னு ஓடிக்கிட்டே இருக்கும், வலிப்பும் சீக்கிரமா வரும். மனுஷங்கள்ல இந்தச் சேனலோட ஜீன்ல பிழை வந்தா சின்ன வயசுலயே கடுமையான வலிப்பும் வளர்ச்சிக் குறையும் வருதுன்னு 2014ல இருந்து தெரியும்.

எனக்கு இந்த மொத்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்சது 2006ல வந்த அடுத்த கட்டம்தான். பாஸ்பேட் எங்கெங்க ஒட்டுதுன்னு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல ஒவ்வொரு துண்டா எடை போட்டுப் பாத்தாங்க. ஒரு துண்டுலயே 16 இடம். நாலு துண்டு சேந்தாதான் சேனல், அப்ப ஒரு சேனலுக்கு 64 இடம், ஒவ்வொண்ணுலயும் ஒட்டியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த 16ல கால்சிநியூரின் சுரண்டுறது 7 இடத்தை. இப்ப ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியா பாஸ்பேட் ஒட்டவே முடியாதபடி மாத்திப் பாத்தாங்க, அப்புறம் ரெண்டு ரெண்டா, இன்னும் நிறைய சேத்து. ஒரு இடம் போனா வோல்டேஜ் கொஞ்சம் நகருது, இன்னொண்ணும் போனா இன்னும் கொஞ்சம், எல்லாம் போனா முழுசா. இது ஸ்விட்ச் இல்ல, ரேடியோவுல வால்யூம் திருகுற குமிழ். எவ்வளவு கால்சியம் ஏறுச்சோ அவ்வளவு பாஸ்பேட் கழளும், எவ்வளவு கழண்டுச்சோ அவ்வளவுக்கு பிரேக் பிடிக்கும். அந்த நீள வால் எதுக்குன்னு மேல கேட்டேனே, பதில் இதான், வால்தான் குமிழ்.

இந்த இடத்துல ஒரு தப்பான நினைப்பைச் சொல்லியாகணும். நோட்ஸ்லயும் வீடியோக்கள்லயும் அடிக்கடி வரும், பாஸ்பேட் ஒட்டினா ஆன், எடுத்தா ஆஃப்னு. கேவி2.1ல ஒட்டினா மந்தம், எடுத்தா சுறுசுறுப்பு, அதுலயே அந்த விதி உடைஞ்சுபோச்சு. இன்னும் தெளிவா பாக்கணும்னா சோடியம் சேனலைப் பாருங்க. மூளையில நேவ்1.2னு ஒரு சோடியம் சேனல், அதுமேல பிகேஏ பாஸ்பேட் வச்சா கரண்ட் குறையும், சியாட்டில்லயே, அதாவது ஃபிஷரும் கிரெப்ஸும் இருந்த அதே பல்கலைக்கழகத்துல, வில்லியம் கேட்டரல் குழு காட்டினது இது. டோபமைன் வந்தா சில மூளை செல்லுங்க துடிக்கிறதுக்குக் கொஞ்சம் யோசிக்கும், அதுக்கு இது ஒரு காரணம். இப்ப அதே குடும்பத்துச் சேனல், நேவ்1.8, இது மூளையில இல்ல, வலி நரம்புல இருக்கு, அதே பிகேஏ இதுமேல பாஸ்பேட் வச்சா கரண்ட் ஏறும். ஒரே என்சைம், ஒரே பாஸ்பேட், பங்காளி சேனலுங்க, நேர் எதிரான முடிவு. ரவை தொப்பியில போட்டாச்சா, வலந்தலையில போட்டாச்சாங்கிறதுதான் விஷயம்.

பல்லு வீங்கினப்போ காத்து பட்டாலே உயிர் போகுதே, அதுக்குப் பின்னாடி இந்த நேவ்1.8 பாஸ்பேட்டும் இருக்கு. வீங்கின இடத்துல ப்ராஸ்டாகிளாண்டின்னு ஒரு சரக்கு ஊறும், அது வலி நரம்புல சைக்ளிக் ஏஎம்பியை ஏத்தும், மிச்சத்தை நீங்களே சொல்லிடுவீங்க. ப்ரூஃபென், ஆஸ்பிரின் எல்லாம் அந்த ப்ராஸ்டாகிளாண்டின் ஊறுறதையே நிறுத்துற மாத்திரைங்க, இதைச் சொன்னதுக்கு ஜான் வேனுக்கு 1982ல நோபல். நேவ்1.8ஐயே நேரா அடைக்கிற ஒரு மாத்திரை, சுசெட்ரிஜின்னு பேரு, அதுக்கு அமெரிக்காவுல 2025 ஜனவரியில அனுமதி கிடைச்சிருக்கு. நாம பாஸ்பேட்டை விட்டுட்டு ஓட்டையையே அடைக்கிறோம், அதுதான் சுலபம், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

வலிப்பும் வலியும் போதும், ஞாபகத்துக்கு வருவோம். நியூரானும் நியூரானும் பேசுற இடத்துல குளுட்டமேட்டை வாங்கிக்கிறது ஆம்பா ரிசெப்டார், பேருதான் ரிசெப்டார், அதுவும் ஒரு சேனல்தான், குளுட்டமேட் வந்து உக்காந்தா திறக்கும். இதோட ஒரு துண்டு குளூஏ1, அதோட வால்ல ரெண்டு முக்கியமான செரின், 831ஆவதும் 845ஆவதும். 831ல பாஸ்பேட் வச்சா ஒத்த சேனல் வழியா போற கரண்ட்டே கூடும். 845ல வச்சா சேனல் திறந்திருக்கிற வாய்ப்பு கூடும், சவ்வுக்கு மேல வந்து தங்குறதும் கூடும். 831ல வைக்கிறது காம்கே2ங்கிற கைனேஸ், 845ல வைக்கிறது நம்ம பழைய பிகேஏ. ஒரு இணைப்பு பலமாகுறப்போ பாஸ்பேட் ஏறுது, பலவீனமாகுறப்போ கழளுது, கழட்டுறவங்க கூட்டத்துல கால்சிநியூரின் இங்கயும் உண்டு. ரிச்சர்ட் ஹுகானிர் குழு 2003ல ஒரு சுண்டெலியை உருவாக்கினாங்க, இந்த ரெண்டு இடத்துலயும் பாஸ்பேட் ஒட்டவே ஒட்டாது, மத்ததெல்லாம் சாதா எலி. தண்ணித் தொட்டியில ஒளிஞ்சிருக்கிற மேடையைக் கண்டுபிடிக்கிற பாடத்தை அது கத்துக்கிச்சு, ஆனா சீக்கிரமே மறந்துடுச்சு. கத்துக்கிறதும் வச்சுக்கிறதும் வேற வேற வேலைன்னு நமக்குப் பரீட்சை ஹால்ல தெரிஞ்ச விஷயம்தான், ஆனா ரெண்டே ரெண்டு செரின்ல அது பிரிஞ்சு நிக்கும்னு யாரு நினைச்சா.

2007ல இன்னொண்ணு வந்துச்சு. பயந்தப்போ நடந்தது மட்டும் ஏன் அப்படியே பதிஞ்சு போகுது? போன மாசம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா தெரியாது, ரோட்டுல லாரி உரசிட்டுப் போன அன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தீங்கன்னு கேட்டா டக்குனு சொல்வீங்க. பயத்துல நார்அட்ரினலின் ஊறுது, அது குளூஏ1 வால்ல அதே இடங்கள்ல பாஸ்பேட்டை ஏத்துது, அதனால சேனல் இணைப்புக்குள்ள போய் நிக்கிறது சுலபமாகுது, சாதாரணமா பதியாத சின்ன அனுபவம் கூட அந்த நேரத்துல பதிஞ்சுடுது. எலிக்கு நரி மூத்திர வாசனை காட்டினாலே அந்த பாஸ்பேட் ஏறிச்சு. அந்த ரெண்டு செரினும் இல்லாத எலிக்கு அட்ரினலின் ஊசி போட்டாலும் ஞாபகம் கூடல.

பாஸ்பேட் மட்டும்தானா ஒட்டும்னு கேட்டா, இல்ல. பால்மிடிக் அமிலம்னு ஒரு கொழுப்பு வால் ஒட்டும், சேனல் எந்தச் சவ்வுல போய்ச் சேரணும்ங்கிறதை அது பாத்துக்கும், யுபிக்விட்டின்னு ஒரு குட்டி புரோட்டீன் ஒட்டினா பெரும்பாலும் அந்தச் சேனலை உள்ள இழுத்துப் போட்டு அழிக்கச் சொல்றாங்கன்னு அர்த்தம், நைட்ரிக் ஆக்சைடு சிஸ்டீன் மேல போய் ஒட்டும், சர்க்கரைச் சங்கிலி வெளிப்பக்கம் ஒட்டும், பட்டியல் நீளம், விட்டுடுவோம். ஆனா ஒண்ணை விட மனசு வரல. மேல சொன்ன ஆம்பா சேனலுக்கு குளூஏ2னு இன்னொரு துண்டு இருக்கு, ஓட்டைக்குள்ளயே ஒரு இடத்துல ஜீன் படி குளுட்டமின் வரணும், மூளையில எடுத்துப் பாத்தா கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு ஆர்ஜினின்தான் இருக்கு. நடுவுல ஆர்என்ஏ மேல ஒரு என்சைம் உக்காந்து ஒரே ஒரு எழுத்தை, அடினோசினை, இனோசினா மாத்திடுது, பிழை திருத்துற மாதிரி. அந்த ஆர்ஜினின் இருந்தா ஓட்டை வழியா கால்சியம் வராது. அந்தத் திருத்துற என்சைமை எடுத்துட்டா சுண்டெலிக் குட்டி வலிப்பு வந்து சில வாரத்துலயே செத்துடும். அந்த என்சைம் ஆயிரம் இடத்துல வேலை செய்யுமே, எதனால செத்துச்சு? ஜெர்மனிக்காரங்க ஜீன்லயே அந்த ஒரு எழுத்தை மட்டும் திருத்தி வச்சுப் பாத்தாங்க, என்சைம் இல்லாமலேயே குட்டி பொழைச்சுக்கிச்சு. ஒரு எழுத்து.

சரி, இவ்வளவு தெரிஞ்சும் ஏன் வலிப்புக்கு ஒரு பாஸ்பேட் மாத்திரை இல்ல? பிகேஏவை எடுத்துக்கோங்க, மூளையில சேனலைத் திருகுற அதே பிகேஏதான் இதயத்துல துடிப்பை ஏத்துது, ஈரல்ல சர்க்கரையை வெளிய விடுது, கொழுப்பை உடைக்குது. ஒண்ணைப் பிடிச்சு இழுத்தா ஊரே சேந்து வரும். போதாததுக்கு 518 கைனேஸும் ஏடிபியைப் பிடிக்கிற குழி பாக்க ஒரே ஜாடையில இருக்கும், ஒண்ணுக்குன்னு செஞ்ச மருந்து பக்கத்து வீட்டுக் கதவையும் பூட்டிடும். பாஸ்படேஸ் பக்கம் இன்னும் மோசம். கால்சிநியூரினை அடைக்கிற மருந்து ஏற்கெனவே லட்சக்கணக்கான பேர் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், கிட்னி மாத்தினவங்களுக்கு உடம்பு அதை ஒதுக்கித் தள்ளாம இருக்கக் குடுக்கிறது. ஏன்னா நோய் எதிர்ப்பு செல்லை எழுப்புறதும் இதே கால்சிநியூரின்தான். அந்த மாத்திரையோட பக்கவிளைவுகள்ல கை நடுக்கம் ரொம்ப சகஜம், சில பேருக்கு வலிப்பும் வரும். பிரேக் போடுற பாஸ்படேஸை அடைச்சா வலிப்பு வரத்தான் செய்யும்னு இங்க சட்டுனு கணக்கு போடத் தோணும், எனக்கும் தோணுச்சு, ஆனா ரத்தக்குழாயில அந்த மருந்து பண்ற வேலையும் அதுக்கு ஒரு காரணம், அதனால பழியைத் தூக்கி கேவி2.1 தலையில மட்டும் போட முடியாது. (இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க, கிட்னி போயிடும்.) அதனாலதான் இன்னிக்கு இருக்கிற வலிப்பு மருந்துகள்ல நிறைய, ஃபெனிடாயின், கார்பமாசெபின் எல்லாமே, நேரா சோடியம் சேனல் ஓட்டைக்கே போய் நிக்குது, குமிழ் பக்கம் போறதே இல்ல.

கேவி2.1 பத்தி ஒண்ணு பாக்கி இருக்கு, கூட்டம் போட்டு உக்காந்திருக்குன்னு சொன்னேன்ல, எதுக்குன்னு சொல்லல. கூட்டத்துல இருக்கிறப்போ அந்தச் சேனல்கள்ல பெரும்பாலானது பொட்டாசியத்தை விடுறதே இல்லன்னு 2010 வாக்குல அளந்து பாத்தாங்க. வேலையே செய்யாத சேனலை அவ்வளவு மெனக்கெட்டு ஏன் கூட்டி வைக்கணும்? 2018ல ரெண்டு குழு தனித்தனியா ஒரே பதிலோட வந்தாங்க. சவ்வுக்கு நேர் கீழ, செல்லுக்குள்ள, கால்சியத்தைச் சேத்து வைக்கிற எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்னு ஒரு பை இருக்கு. கேவி2.1 தன்னோட வாலால அந்தப் பையில இருக்கிற வேப்ங்கிற புரோட்டீனைப் பிடிச்சுக்குது, சவ்வையும் பையையும் சேத்து ரிவிட் அடிச்ச மாதிரி. வால்ல அந்தப் பிடி விழணும்னா அங்க இருக்கிற செரின்ல பாஸ்பேட் இருக்கணும், இல்லன்னா பிடிக்காது. அப்ப கூட்டத்துல இருக்கிற கேவி2.1 ஓட்டையா வேலை பாக்கல, ஆணியா வேலை பாக்குது. வலிப்பு வந்து கால்சிநியூரின் சுரண்டினதும் சோம்பேறி பிரேக்கா மாறுனது மட்டும் இல்ல, ஆணியும் கழண்டு, சவ்வுல இருந்து அந்தப் பையும் விலகுது.